ஜாம்பி ஷூட்டரில் நாலு பேர் சேர்ந்தால் மட்டும் ஏன் இப்படி இழுக்கிறது?

#1 நடுச்சாமம்

லெஃப்ட் 4 டெட் 2 வெளிவந்தது 2009 நவம்பரில். அதற்குப் பிறகு அதே பாணியில் எத்தனையோ வந்துவிட்டன: கில்லிங் ஃப்ளோர் 2, வேர்ல்ட் வார் இஸட், பேக் 4 பிளட். கிராஃபிக்ஸிலும் சரி, அன்லாக் செய்ய வேண்டிய சாமான்களின் பட்டியலிலும் சரி, எல்லாமே அதை முந்தியவை. ஆனாலும் பழைய ஆட்டத்தில் ஆள் குறையவில்லை. 2020 செப்டம்பரில் ரசிகர்களே சேர்ந்து செய்த 'த லாஸ்ட் ஸ்டாண்ட்' அப்டேட் அதிகாரப்பூர்வமாகவே வெளிவந்தது.

ஜாம்பியைச் சுடுவதுதான் சுகம் என்றால் தனியாக உட்கார்ந்தே சுட்டுத் தள்ளலாம். தனியாக ஆடினால் இதே ஆட்டம் அரை மணி நேரத்தில் சலித்துவிடுகிறது. என் கணிப்பு இதுதான்: இந்த வகையில் நல்ல ஆட்டங்கள் எல்லாமே "உன்னால் தனியாக முடியாது" என்பதை விதியாகவே எழுதி வைத்திருக்கின்றன. அந்த விதிகள் எவை, எப்படி வேலை செய்கின்றன, எங்கே சொதப்புகின்றன? எண்களோடு பேசலாம். "செம கேம்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போகாதீர்கள், தயவுசெய்து.

#2 ஆறாம்தோட்டா

முதல் விதி எதிரிகிட்டயே இருக்கு. ஜாம்பி கையில துப்பாக்கி கிடையாது.

துப்பாக்கி வெச்ச எதிரின்னா ஆளுக்கொரு சுவரைப் பார்த்து ஒதுங்கிடுவோம். அவங்கவங்க மறைவுல அவங்கவங்க சண்டை. பக்கத்துல மூணு பேர் இருந்தாலும் நடக்கிறது நாலு தனி ஆட்டம்தான். ஜாம்பி ஓடி வந்து தொட்டாதான் அடி விழும். அதனால இங்க தூரம்தான் உயிர். தூரத்தைக் காப்பாத்தச் சுடணும், சுட்டா ரீலோட் பண்ணணும், ரீலோட் பண்ற நேரத்துல தூரம் சுருங்கும். அந்த ஓட்டையை அடைக்க இன்னொரு ஆள் வேணும். பதுங்க இடமே இல்லாததால முதுகுப் பக்கம் பார்க்கவும் ஒரு ஆள் வேணும்.

நடைமுறையில இது எங்க உடையும்னா, ஒரே கதவைக் காக்கிற ரெண்டு பேரும் பம்ப் ஷாட்கன் வெச்சிருந்தா. அதுல குண்டு ஒவ்வொண்ணாதான் ஏறும், மொத்தம் 8. ரெண்டு பேரும் ஒண்ணா சுட ஆரம்பிச்சா ஒண்ணாதான் காலியாகும். ஒரு ஷாட்கன், ஒரு ரைஃபிள்னு ஜோடி போட்டா இந்தப் பிரச்சினையே வராது. ரீலோடுக்கு முன்னாடி "ரீலோட்"னு வாய்விட்டுச் சொல்றதும், மேகசின் முழுசா காலியாகுறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்தி வைக்கிறதும் பழகினா நார்மல்ல (ஈஸிக்கு அடுத்த கஷ்ட அளவு) பாதி சாவு குறைஞ்சிடும்.

#3 கூரைமேல்காவல்

தோழர் சொன்னது சரி. ஆனால் அது மட்டும் இருந்தால் பத்தாவது தடவை ஆடும்போது எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். லெஃப்ட் 4 டெட்டை மனப்பாடம் செய்ய முடியாததற்குக் காரணம் டைரக்டர், அதாவது எப்போது எத்தனை ஜாம்பி வர வேண்டும் என்று முடிவு செய்யும் நிரல். அந்த ஆட்டத்தை வடிவமைத்த மைக் பூத் 2009இல் இதன் உள்வேலையை விளக்கியிருக்கிறார்.

ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதற்ற எண் ஓடிக்கொண்டிருக்கும். அடி வாங்கினால் ஏறும். கீழே விழுந்தால் எகிறும். பக்கத்திலேயே ஜாம்பி செத்தாலும் கொஞ்சம் ஏறும், எவ்வளவு கிட்டத்தில் சாகிறதோ அவ்வளவு அதிகம். சண்டை இல்லாதபோது மெல்ல இறங்கும். யாராவது ஒருவரின் எண் உச்சத்தைத் தொட்டதும் டைரக்டர் அந்த அழுத்தத்தை இன்னும் 3 முதல் 5 விநாடி பிடித்து வைக்கிறது. பிறகு புதிதாக எதையும் அனுப்பாமல் எண் இறங்கக் காத்திருக்கிறது. அதன்பின் 30 முதல் 45 விநாடி ஓய்வு. அதற்குள் நீங்களே வேகமாக முன்னேறிவிட்டால் ஓய்வு முன்கூட்டியே முடிந்துவிடும்.

அந்த 30 விநாடியை நம்பித்தான் ஒருவர் மருந்துப் பெட்டியைத் திறக்கிறார், இன்னொருவர் பக்கத்து அறையில் தோட்டா தேடுகிறார். பேச்சு பிறப்பது அப்போதுதான். ஓயாமல் அலை அலையாக அனுப்பும் ஆட்டங்களில் யாருக்கும் பேச நேரமில்லை, அதனால் குழு என்பதே உருவாவதில்லை.

ஒரு எச்சரிக்கை: டாங்க், விட்ச் என்ற பெரிய ஜாம்பிகள் இரண்டும் இந்தக் கணக்குக்குள் வராதவை. ஓய்வு நேரத்தின் நடுவிலும் டாங்க் வரும். "இப்போதுதான் ஒரு கூட்டம் போச்சு, இனி பயமில்லை" என்று நான்கு பேரும் ஒரே நேரத்தில் மருந்து கட்ட உட்காரக் கூடாது.

#4 இரும்புக்கதவு

டைரக்டரை இவ்வளவு தூக்கி வைக்க வேண்டியதில்லை, நண்பரே. அது மூச்சு விட இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆட்களைச் சேர்த்துக் கட்டுவது சிறப்பு ஜாம்பிகள்.

இரண்டாம் பாகத்தில் ஒரு ஆளைப் பிடித்து முடக்குபவை நான்கு: ஹன்டர், ஸ்மோக்கர், ஜாக்கி, சார்ஜர். பிடிபட்டால் அநேகமாகத் தன்னைத்தானே விடுவித்துக்கொள்ள முடியாது. எத்தனை ஆயிரம் மணி நேரம் ஆடிய கையானாலும் தனியாகப் போனால் ஒரு ஹன்டர் போதும். திறமையால் தாண்ட முடியாத ஒரு தேவையை வைத்துவிட்டார்கள். அதுதான் பிடிப்பு.

அதிலும் ஒரு நுணுக்கம். ஹன்டர், ஸ்மோக்கர், ஜாக்கி மூன்றிலிருந்தும் நண்பரை ஒரு தள்ளு தள்ளி விடுவிக்கலாம். தரையில் போட்டு அடித்துக்கொண்டிருக்கும் சார்ஜரைத் தள்ளி விலக்க முடியாது, கொன்றால்தான் விடும். அதற்கு ஹெல்த் 600. ஹன்டர் 250, ஜாக்கி 325. புதியவர்கள் சார்ஜர் பக்கத்தில் போய்த் தள்ளிக்கொண்டே நிற்பார்கள், அதற்குள் கீழே கிடப்பவரின் உயிர் பாதி போய்விடும். சார்ஜர் என்றால் கிட்டப் போங்கள், தலையில் ஷாட்கன், வேறு வழியில்லை.

அடுத்தது இடைவெளி. ஹன்டருக்குப் பயந்து நால்வரும் ஒட்டி நின்றால் சார்ஜர் ஒரே ஓட்டத்தில் எல்லோரையும் சிதறடிக்கும், பூமர் எல்லோர் மேலும் வாந்தி எடுக்கும், ஸ்பிட்டரின் அமிலம் எல்லோர் காலடியிலும் பரவும். விலகி நின்றால் ஹன்டர் தின்றுவிடும். ஆகவே இரண்டு இரண்டாக நிற்பதுதான் சரி. ஜோடிக்குள் தள்ளும் தூரம், ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே ஒரு அறை நீளம். எந்த எதிரியையும் தனியாகப் பார்த்தால் எளிமைதான். இரண்டு சேர்ந்து வரும்போது ஒன்றுக்கான பதில் இன்னொன்றுக்குத் தவறாகிவிடும். இப்படிக் கோத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

#5 புதுவரவு

அண்ணே, நார்மல்ல ஒண்ணுமே தெரியல, எக்ஸ்பர்ட்ல மட்டும் சாதாரண ஜாம்பியே ஆளைச் சாய்ச்சிடுதே, அது எப்படி? எந்த இடத்துல மருந்து போடணும்னும் சொல்லுங்க.

#6 இரும்புக்கதவு

சாதாரண ஜாம்பியின் ஒரு அடி நார்மலில் 2, அட்வான்ஸ்டில் 5, எக்ஸ்பர்ட்டில் 20. நார்மலில் கூட்டத்துக்குள் புகுந்து ஓடலாம். முழு ஹெல்த் 100 என்பதால் எக்ஸ்பர்ட்டில் 5 அடியில் தரையில் கிடப்பீர்கள். பின்னாலிருந்து அடி விழுந்தால் வேகமும் குறையும், அந்த நேரத்தில் அடுத்த அடி விழும். அதனால் அங்கே ஓடுவதே தவறு: மூலையில் முதுகைச் சேர்த்து, முன்னால் இருவர் குனிந்து, பின்னால் இருவர் நின்று சுட வேண்டும்.

மருந்துப் பெட்டி, இழந்த ஹெல்த்தில் 80 சதவீதத்தைத்தான் திருப்பித் தரும். 60 இருக்கும்போது கட்டினால் இழந்தது 40, கிடைப்பது 32. 20 இருக்கும்போது கட்டினால் இழந்தது 80, கிடைப்பது 64. அதே பெட்டி, இரண்டு மடங்கு பலன். ஆகவே 60இல் கை பரபரத்தாலும் கட்டாதீர்கள். அதே சமயம் 40க்குக் கீழே போனால் நொண்ட ஆரம்பிப்பீர்கள், குழு உங்களுக்காக நின்று நின்று வரும். அந்த இடைவெளிக்குத்தான் மாத்திரை. 50 தற்காலிக ஹெல்த். விநாடிக்கு 0.27 வீதம் கரையும், மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் தாங்கும். மாத்திரையால் நடந்து, பெட்டியைக் கடைசிவரை தள்ளிப்போடுவது நல்ல கணக்கு.

விதிவிலக்கு ஒன்று. இரண்டு முறை விழுந்து எழுந்தவருக்குத் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். மூன்றாவது விழுந்தால் எழுப்ப முடியாது, சாவுதான். அந்த எண்ணிக்கையை அழிப்பது மருந்துப் பெட்டி மட்டும், மாத்திரை அழிக்காது. கறுப்பு வெள்ளையில் இருப்பவரிடம் பெட்டி இல்லையென்றால் இருப்பவர் அவருக்குக் கட்ட வேண்டும். தன்னுடைய பெட்டியை இன்னொருவர் உடம்பில் கட்ட 5 விநாடி பிடிக்கிறது. அந்த 5 விநாடிதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்பேன்.

#7 கதவுஎழுநூற்றைம்பது

எல்லாரும் ஒரே ஆட்டத்தைப் பத்திப் பேசுறீங்க. கால் ஆஃப் டூட்டியோட ஜாம்பி மோட் 2008 நவம்பர்ல, வேர்ல்ட் அட் வார்ல வந்தது. அங்க இழுக்கிறது வேற விஷயம்: காசு.

பழைய பாகங்கள்ல 500 பாயிண்ட்ல ஆரம்பிப்பீங்க. ஒரு தோட்டா பட்டா 10, கொன்னா 60, தலையில கொன்னா 100, கத்தியில கொன்னா 130. முதல் ரவுண்டுல ஜாம்பிக்கு ஹெல்த் 150. தலையைக் குறிவைச்சா சீக்கிரம் செத்துடும், காசு கம்மி. கைத்துப்பாக்கியில உடம்புல 6 தோட்டா, அப்புறம் கத்தி: 60 கூட 130, மொத்தம் 190. அதே ஜாம்பி, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வருமானம். ஆனா கத்தி தூரத்துக்கு வரவிடணும், பழைய பாகங்கள்ல ரெண்டு அடியில ஆளு கீழ. பேராசைக்கும் பயத்துக்கும் நடுவுல இழுத்துக் கட்டின கயிறு அது.

நாலு பேர் சேர்ந்தா அந்தக் காசு பங்காகும். ஜாம்பி வர்ற ஒரு ஜன்னல்ல ஒரு ஆள்னு பிரிச்சுக்கணும். மத்தவங்க ஜன்னல்ல கொன்னா அவங்க ஹெல்த்தைக் கூட்டுற ஜக்கர்நாக் வாங்க 2500 சேராது, பத்தாவது ரவுண்டுல அவங்க விழுவாங்க, தூக்கப் போறது நீங்கதான். கதவைத் திறக்கிற 750 யாரு போடுறதுன்னு பேசி முடிவு பண்ணணும். நிறைய காசு வெச்சிருக்கிறவர் போடணும்கிறது எழுதாத சட்டம்.

இன்னொரு தந்திரம்: கடைசி ஜாம்பியைக் கொல்லாம கிரனேட் போட்டு காலை மட்டும் எடுத்து ஊர விடுறது. ஒண்ணு மிச்சம் இருக்கிறவரை ரவுண்டு முடியாது. அந்த நேரத்துல ஏதாவது ஒரு ஆயுதம் தர்ற பெட்டியை உருட்டலாம், தடவைக்கு 950. ஆயுதத்தை மேம்படுத்தலாம், 5000. சொதப்புறது எப்பவும் ஒரே மாதிரி: சொல்லாம விட்டதால ஒருத்தர் அந்த ஊருற ஜாம்பியைச் சுட்டுடுவார். கிராலர் இருக்குன்னா உடனே சொல்லுங்க, ஒருத்தர் அதுக்குக் காவல் நிக்கட்டும்.

#8 நடுச்சாமம்

> அதே ஜாம்பி, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வருமானம்.

அருமையான விளக்கம். ஆனால் ஒரு சந்தேகம். 20ஆவது ரவுண்டுக்கு மேல் ஆளுக்கொரு மூலையில் வட்டமடித்து ஓடுவதுதானே நடக்கிறது? கூட்டு எங்கே இருக்கிறது?

#9 கதவுஎழுநூற்றைம்பது

நியாயமான கேள்வி, ஒத்துக்கிறேன். 9ஆவது ரவுண்டு வரைக்கும் ஹெல்த் 100 100ஆ ஏறும், 950ல நிக்கும். அதுக்கப்புறம் ரவுண்டுக்கு 10 சதவீதம். 20ல சுமார் 2700, 30ல சுமார் 7000. சாதாரணத் துப்பாக்கி அதுக்கு ஈடு கொடுக்காது. அதனாலதான் கூட்டத்தைப் பின்னாடி வரிசையா இழுத்துக்கிட்டு வட்டம் போட்டு, திரும்பி ஒரே அடியா அடிக்கிறது. திறந்தவெளி ஒருத்தருக்குத்தான் பத்தும்; ரெண்டு பேர் ஓடினா ஒருத்தர் வட்டத்துல இன்னொருத்தர் மாட்டுவார். ஆக, அங்க கூட்டுங்கிறது ஆள் விழுறப்ப மட்டும்தான். விழுந்தா பெர்க் (காசு கொடுத்து வாங்கின ஜக்கர்நாக் மாதிரி சக்தி) எல்லாம் போயிடும், தூக்கி விட்டவர் தன் வட்டத்தை விட்டுட்டு வந்திருப்பார். முன்பாதியில குழு ஆட்டம், பின்பாதியில தனி ஆட்டம். அது இந்த மோடோட குறைதான்.

#10 கடைசிஅலை

அந்தக் குறை இல்லாதது கில்லிங் ஃப்ளோர். 2005இல் அன்ரியல் டோர்னமென்ட் 2004க்கு மோடாக (ரசிகர்கள் செய்த மாற்று வடிவமாக) பிறந்தது, 2009இல் தனி ஆட்டமானது. ஆறு பேர். அலை முடிந்ததும் வியாபாரியிடம் ஓட வேண்டும், கையிலுள்ள காசை மற்றவருக்கு அப்படியே வீசலாம். முதல் இரண்டு அலைகளில் நன்றாகச் சம்பாதித்தவர் மருத்துவம் பார்க்கும் மெடிக்குக்கு வீசினால் மூன்றாவது அலையிலிருந்து மொத்தக் குழுவும் நிமிரும். ஊசியைத் தனக்குப் போட்டுக்கொள்வதைவிட அடுத்தவருக்குப் போட்டால் அதிகம் குணமாகும். "நீ எனக்கு, நான் உனக்கு" என்பதை ஒரே ஒரு எண்ணில் எழுதிவிட்டார்கள்.

குழு உடையும் இடம் பெரிய ஜாம்பிகள். ஸ்கிரேக் கையில் செயின்சாவோடு நடந்துதான் வரும். அடி பட்டுப்பட்டு ஹெல்த் குறைந்ததும் வெறி பிடித்து ஓடும். ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு தோட்டா போட்டால் சாகாது, ஓட மட்டும் செய்யும். அதைத் தலையில் அடித்து முடிக்கக்கூடிய ஒருவர் "ஸ்கிரேக் எனக்கு" என்று சொல்ல வேண்டும், மற்ற ஐவரும் அதைத் தொடவே கூடாது. சுற்றி வரும் பொடிசுகளை மட்டும் துடைக்க வேண்டும். சைரன் என்ற ஜாம்பி கத்தும் தூரத்தில் கிரனேட் வீசாதீர்கள், அந்தக் கத்தலே கிரனேட்டை அழித்துவிடும். சுடாமல் இருப்பதும் ஒரு பங்களிப்பு என்று கற்றுக்கொடுக்கும் துப்பாக்கி ஆட்டம் எனக்குத் தெரிந்து இதுதான்.

#11 ஆறாம்தோட்டா

சுடாம இருக்கிறதுன்னதும் நினைவுக்கு வருது: நண்பர் மேல படுற குண்டு. லெஃப்ட் 4 டெட் 2ல ஈஸில இல்ல, நார்மல்ல 10 சதவீதம், அட்வான்ஸ்டுல 30, எக்ஸ்பர்ட்டுல 50. எக்ஸ்பர்ட்டுல பின்னாடி நிக்கிறவர் ஆட்டோ ஷாட்கனை அழுத்திப் பிடிச்சா முன்னாடி நிக்கிற நண்பர் ஜாம்பி தொடுறதுக்கு முன்னாடியே விழுவார். இதைத் தொல்லைன்னு அணைச்சு வெச்சா ஆட்டம் சப்புன்னு ஆயிடும். குண்டு நண்பர் மேலயும் படும்கிறதாலதான் வரிசை, குனியறது, "இடது நான், வலது நீ" எல்லாம் தேவைப்படுது. முன்னாடி இருக்கிறவர் குனிஞ்சே இருக்கணும், எழுந்திருக்கிறதா இருந்தா சொல்லிட்டு எழுந்திருக்கணும்.

#12 பதினைந்துசீட்டு

ஒரு மாற்றுக் கருத்து. 2021 அக்டோபரில் வந்த பேக் 4 பிளட்டை எல்லோரும் கார்டுக்காக (ஆட்டக்காரருக்குத் திறன் கூட்டும் சீட்டுகள்) திட்டுகிறார்கள். 15 கார்டு கொண்ட டெக் அமைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது: ஒருவர் மருத்துவம், ஒருவர் கைச்சண்டை, ஒருவர் தோட்டா சுமப்பவர் என்று வேலை பிரிகிறது. லெஃப்ட் 4 டெட்டில் நான்கு பேரும் ஒரே அச்சு. யார் என்ன செய்வது என்பது வாயால்தான் முடிவாகும், மைக் இல்லாதவரோடு அது நடக்காது.

#13 கூரைமேல்காவல்

வேலை பிரிவது நல்லதுதான், மறுக்கவில்லை. சிக்கல் எங்கே என்றால், கார்டு சேராத புதியவரும் எல்லாம் சேர்த்த பழையவரும் ஒரே அறையில் நின்றால் ஒருவர் சுமை, ஒருவர் சுமைதூக்கி. லெஃப்ட் 4 டெட்டில் முதல் நாள் வந்தவருக்கும் அதே 100 ஹெல்த், அதே துப்பாக்கி. தெரிந்தது மட்டும்தான் வித்தியாசம், அதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஆட்டம் முடிந்ததும் "என்ன கிடைத்தது" என்று பட்டியல் காட்டாததால் "என்ன நடந்தது" என்று பேசுகிறார்கள். பட்டியல் காட்டும் ஆட்டங்களில் அந்தப் பேச்சை நான் அதிகம் கேட்டதில்லை.

#14 பதினைந்துசீட்டு

கடைசி வரியை ஏற்கிறேன். சுமை என்று சொன்னதை இல்லை: ட்ராமா (trauma, காயம்) என்று அதிகபட்ச ஹெல்த்தையே குறைக்கும் விதி அங்கே இருக்கிறது, அதைச் சமாளிக்க மருத்துவ டெக் வைத்திருக்கும் நண்பர் கட்டாயம் வேண்டும். அதுவும் நீங்கள் சொல்லும் "தனியாக முடியாது"தான்.

#15 புதுவரவு

நாங்க ரெண்டு பேர்தான். மீதி ரெண்டு இடத்துல பாட் (கம்ப்யூட்டரே ஆடுற ஆள்) இருந்தா பரவாயில்லையா?

#16 இரும்புக்கதவு

அட்வான்ஸ்ட் வரை தாராளமாக. பாட் குறி தவறாது, விழுந்தவரை ஓடி வந்து தூக்கும், மாத்திரையும் கொடுக்கும். ஆனால் மொலடோவ் (தீக்குண்டு), பைப் பாம் எதையும் வீசாது, வரப்போவதை யோசிக்காது. ஆகவே வீசும் பொருள் எப்போதும் உங்கள் இருவர் கையில் இருக்கட்டும். டாங்க் வந்தால் ஒருவர் மொலடோவ் வீசிப் பின்வாங்க, இன்னொருவர் பக்கவாட்டில் விலகிச் சுட வேண்டும். நார்மலில் அதற்கு 4000 ஹெல்த், அட்வான்ஸ்டில் 8000. விட்ச் அழும் சத்தம் கேட்டால் டார்ச்சை அணைத்துவிட்டு ஒதுங்கிப் போங்கள்.

#17 நடுச்சாமம்

இவ்வளவும் படித்தபின் ஒரு இடம் மட்டும் விளக்கப்படாமல் நிற்கிறது. பாதுகாப்பு அறைக்குள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் செத்துவிட்டார். இன்னொருவர் வெளியே 30 அடி தூரத்தில் விழுந்து கிடக்கிறார். கதவைச் சாத்தினால் நிலை முடிந்தது. வெளியே விட்டவரும் அடுத்த நிலையில் 50 ஹெல்த்தோடு எழுந்து வருவார். கணக்குப்படி சாத்துவதுதான் லாபம். இருந்தும் பாதிப் பேர் கதவைத் திறந்துகொண்டு ஓடுகிறார்கள். ஏன்?

#18 கூரைமேல்காவல்

விழுந்தவர் குரல் கேட்டுக்கொண்டிருப்பதால். கீழே கிடப்பவருக்கு 300 ஹெல்த் தந்து, விநாடிக்கு 3 வீதம் கரைய விடுகிறார்கள். யாரும் அடிக்காவிட்டால் 100 விநாடி. உடனே சாகாமல் இத்தனை நேரம் கையில் துப்பாக்கியோடு உயிரோடு வைத்திருப்பது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. அந்த 100 விநாடியில் மனசு கணக்கைத் தோற்கடித்துவிடுகிறது.

#19 இரும்புக்கதவு

போவதென்றால் முறையாகப் போங்கள். இருவரும் ஓடக் கூடாது. ஒருவர் வாசலில் நின்று கதவைக் காக்கட்டும். போகிறவர் கையில் பைப் பாம் இருக்க வேண்டும். வீசிய 6ஆவது விநாடியில் வெடிக்கும், அதுவரை சாதாரண ஜாம்பிகள் அதன் பின்னால் ஓடும். தூக்கிவிட 5 விநாடி. அதாவது தூரத்திலிருந்தே வீசிவிட்டு ஓடினால் பாதித் தூக்கலில் வெடித்துவிடும், சிதறாதவை திரும்பி வரும். விழுந்தவர் பக்கத்தில் போய் நின்றபின் வீசுங்கள், வீசிய கையோடு தூக்க ஆரம்பியுங்கள். மிச்சம் ஒரு விநாடிதான். ஹன்டரோ சார்ஜரோ சுற்றிக்கொண்டிருந்தால் அவை பைப் பாமை மதிக்காது, வாசலில் நிற்பவர் முதலில் அதைச் சுட வேண்டும். எழுந்தவருக்கு 30 தற்காலிக ஹெல்த்தான் இருக்கும், நொண்டுவார். அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் வாருங்கள்.